பாதியாகிப் போன பணிக்காலம்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைச் சுற்றியிருக்கும் புல்வெளி தானாக முளைத்ததல்ல. உப்புக் காற்று ஓயாமல் அடிக்கும் மணல் தரை அது. நாள் தவறாமல் தண்ணீர் பாய்ச்ச, களை பறிக்க, வளர்ந்ததை வெட்டிச் சீராக்க ஆள் வேண்டும். 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்த நினைவுச்சின்னங்கள் மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே போனால் கல்பாக்கம். 1971-இல் தொடங்கப்பட்டு இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் அங்கே இருக்கிறது. மேற்கே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனால் மாநில அரசின் அலுவலகங்கள், நகராட்சி, 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. ஒரே நாளில் பேருந்தில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்தப் பகுதிக்குள் அரசு ஊழியர்களில் எத்தனையோ வகை. அவர்களில் பலர் முதல் நாளிலேயே நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்கள் அல்லர். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, சிலர் அதற்கும் மேலாக ஒப்பந்தத்திலோ தினக்கூலியிலோ தொகுப்பூதியத்திலோ இருந்துவிட்டுப் பிறகு நிரந்தரமானவர்கள். அந்த முந்தைய ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் ஏறுமா என்பதற்கு இந்தச் சிறிய வட்டாரத்துக்குள்ளேயே ஆளுக்கொரு பதில் இருக்கிறது. அது நியாயமில்லை, அதைச் சரிசெய்ய ஒரு வழியும் உண்டு என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

ஆண்டுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-இன்படி, ஓய்வூதியத்துக்குத் தகுதியான பணிக்காலம் 30 ஆண்டு இருந்தால்தான் முழு ஓய்வூதியம், அதாவது கடைசி ஊதியத்தில் பாதி. அதற்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். 10 ஆண்டுகூட இல்லையென்றால் மாத ஓய்வூதியமே கிடையாது. ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். ஒருவர் 1988-இல் தினக்கூலியாகச் சேர்ந்து 2000-இல் நிரந்தரமாகி 2018-இல் ஓய்வு பெற்றதாக வைத்துக்கொள்வோம். கடைசி அடிப்படை ஊதியம் 30,000 ரூபாய். நிரந்தரப் பணியின் 18 ஆண்டுகளை மட்டும் எடுத்தால் மாதம் 9,000 ரூபாய். தினக்கூலிக் காலமான 12 ஆண்டுகளில் பாதியைச் சேர்த்தால் 24 ஆண்டு, 12,000 ரூபாய். முழுவதையும் சேர்த்தால் 30 ஆண்டு, 15,000 ரூபாய். அகவிலைப்படியும் பணிக்கொடையும் அவர் காலத்துக்குப் பின் மனைவிக்குப் போகும் குடும்ப ஓய்வூதியமும் தனி. ஒரே மனிதர், 30 ஆண்டு உழைப்பு. எந்த விதி பொருந்துகிறது என்பதைப் பொறுத்து முதுமையில் மாதம் 6,000 ரூபாய் வித்தியாசப்படுகிறது.

இப்போது விதிகளுக்கு வருவோம். மத்திய அரசில் பழைய ஓய்வூதிய முறையில் இருந்தவர்களுக்கு 1984 ஆகஸ்ட் 29 தேதியிட்ட ஓர் ஆணை உண்டு. பங்களிப்பு வருங்கால வைப்பு நிதி மட்டும் உள்ள ஒரு தன்னாட்சி நிறுவனத்திலிருந்து அரசுத் துறையில் நிரந்தரமாகச் சேர்பவருக்கு அது இரண்டு வழிகளைக் கொடுத்தது. பழைய நிறுவனம் தன் பங்காகப் போட்ட பணத்தை வட்டியோடு வாங்கிக்கொண்டு அரசுப் பணியைப் புதிதாகத் தொடங்கலாம். அல்லது அந்தப் பணத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்து, பழைய பணிக்காலம் முழுவதையும் ஓய்வூதியக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். முடிவெடுக்க ஓர் ஆண்டு அவகாசம். ஒப்பந்தத்தில் சேர்ந்து இடைவெளியில்லாமல் நிரந்தரமானவருக்கும் 1972-ஆம் ஆண்டின் மத்திய ஓய்வூதிய விதிகளில் 17-ஆவது விதி இதே போன்ற வழியைத் திறந்துவைத்திருந்தது: ஒப்பந்தக் காலத்துக்காக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு அந்த ஆண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொன்னால், விட்டுப்போன ஆண்டுகளைப் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு நம் சட்டத்துக்குப் புதியதல்ல. வேறொரு தன்னாட்சி நிறுவனத்தில் சில ஆண்டு பணியாற்றிவிட்டு அந்தக் காலத்தில் அரசுத் துறை ஒன்றில் சேர்ந்த பொறியாளருக்கு அந்தக் கதவு முழுதாகவே திறந்திருந்தது.

கோயில் புல்வெளியைப் பராமரிக்கும் தோட்டக்காரருக்குத் திறந்தது பாதிக் கதவு. மத்திய அரசின் தற்காலிகக் கூலித் தொழிலாளர்களுக்காக 1993 செப்டம்பர் 1 முதல் ஒரு திட்டம் வந்தது. ஆண்டுக்கு 240 நாள், வாரம் ஐந்து நாள் இயங்கும் அலுவலகமானால் 206 நாள் வேலை செய்து, அந்தத் தேதியில் பணியிலும் இருந்தவருக்குத் ‘தற்காலிகத் தகுதி’ கிடைத்தது. பிறகு அவர் நிரந்தரமானால், அந்தத் தகுதியில் இருந்த காலத்தில் பாதி ஓய்வுப் பலன்களுக்குச் சேரும். தகுதி கிடைப்பதற்கு முன் வெறும் தினக்கூலியாக இருந்த ஆண்டுகள் அந்தத் திட்டத்தின் கணக்கில் வரவே இல்லை. இது ஒரே ஒரு முறைக்கான திட்டம், பின்னால் வந்தவர்களுக்குத் தொடராது என்று 2002-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாநில அரசிலும் பாதிக் கணக்குதான். சில்லறைச் செலவினத்தில் ஊதியம் பெற்ற காலத்துக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 11-ஆவது விதியின்படி பாதி. தொகுப்பூதியம், மதிப்பூதியம், தினக்கூலி ஆகியவற்றில் இருந்த காலத்துக்கும் பாதி சேரும் என்று 2009 ஆகஸ்ட் 25-இல் வந்த அரசாணை எண் 408 வழிசெய்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: 2003 ஏப்ரல் 1-க்கு முன் நிரந்தரமாகியிருக்க வேண்டும்.

அந்தத் தேதிதான் சுவர். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கிய நாள் அது. ஒரே ஏரிக்கரையில் ஒரே ஆண்டில் தினக்கூலியாகச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவருடைய கோப்பு 2003 மார்ச்சில் கையெழுத்தாகி, இன்னொருவருடையது ஏப்ரலில் கையெழுத்தானால், முதலாமவருக்குப் பாதிக் கணக்கும் பழைய ஓய்வூதியமும் கிடைக்கும். இரண்டாமவருக்கு இரண்டும் இல்லை. கோப்பு எந்த மாதம் நகர்ந்தது என்பது அவர்கள் கையில் இருந்த விஷயமே அல்ல. இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால், 2019-இல் கலியமூர்த்தி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கூடி முடிவு சொன்னது. பணி விதிகளின்படி தற்காலிகமாக நியமனம் பெற்று 2003 ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. தினக்கூலியிலும் தொகுப்பூதியத்திலும் இருந்து அந்தத் தேதிக்குப் பின் நிரந்தரமானவர்களுக்குப் பாதிக் கணக்கும் கிடையாது என்று தெளிவுபடுத்தியது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. எழுதியிருக்கும் விதியைத்தான் அது படித்துச் சொன்னது. அந்த விதி அப்படி இருக்கலாமா என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பாதி என்ற கணக்கையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முழுநேர வேலையாக இருந்தால்தான் அந்தக் காலம் சேரும் என்று விதி நிபந்தனை போடுகிறது. முழுநேரம் வேலை செய்தார் என்று அலுவலகத் தலைவர் சான்று கொடுத்த பிறகு, அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் பாய்ச்சியவர் பாதித் தோட்டத்துக்கா பாய்ச்சினார்? இரவுக் காவலாளி பாதி இரவா விழித்திருந்தார்? அரசு பங்களிப்பு எதுவும் செலுத்தாத காலம் என்பதால் பாதியைச் சலுகையாகத் தருகிறோம் என்பதுதான் இதற்கு உள்ளூர இருக்கும் விளக்கமாக இருக்க முடியும். ஆனால் ஓய்வூதியம் சலுகை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொன்னது. 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் அதை இன்னும் விரித்துச் சொன்னது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். உழைத்த காலத்தில் கொடுக்காமல் தள்ளிவைத்த ஊதியமே ஓய்வூதியம் என்றால், குறைந்த கூலிக்கு உழைத்தவருக்குத் தள்ளிவைக்கப்பட்டது அதிகமா, குறைவா?

அதனால்தான் தேதிக்குப் பதில் விலை வைக்கலாம் என்கிறேன். முந்தைய பணிக்காலம் உண்மையானது என்று நிரூபிக்கப்பட்டால், அதை ஓய்வூதியக் கணக்கில் ஏற்றிக்கொள்ள ஊழியர் என்ன தொகை கட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். கட்டுகிறவருக்கு அந்த ஆண்டுகள் முழுதாகச் சேர வேண்டும். வெளிநாடுகளில் இது அன்றாட நடைமுறை. அமெரிக்காவில் ராணுவத்தில் இருந்துவிட்டு மத்திய அரசின் குடிமைப் பணிக்கு வருபவர், தன் ராணுவ அடிப்படை ஊதியத்தில் 3 விழுக்காட்டைக் கட்டி அந்த ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தாமதித்தால் வட்டி ஏறும். கனடாவில் அரசு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த ஓர் ஆண்டுக்குள் முந்தைய பணிக்காலத்தை வாங்க விருப்பம் தெரிவித்தால் சேர்ந்தபோது இருந்த ஊதியத்தை வைத்து விலை போடுவார்கள். பிந்தினால் அப்போதைய ஊதியத்தை வைத்து. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2022 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, நம் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனமே இதைச் செய்தது. உயர் ஓய்வூதியம் வேண்டும் என்றவர்களிடம் பழைய ஆண்டுகளுக்கான வித்தியாசத் தொகையை வட்டியோடு கணக்கிட்டு, அவர்களுடைய வைப்பு நிதியிலிருந்து எடுத்துக்கொள்ள வழி செய்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஊதியத்தை மாதம் மாதமாகத் தோண்டியெடுத்து விலை போடுவது ஆகாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சான்று.

செலவு தாங்குமா என்பது முதல் எதிர்ப்பு. மேலே சொன்ன உதாரணத்தையே எடுப்போம். அவருக்குப் பாதிக் கணக்கில் விட்டுப்போனது 6 ஆண்டு. அந்தக் காலத்தில் மாதம் 1,500 ரூபாய் கூலி வாங்கினார் என்றால் 6 ஆண்டில் 1,08,000 ரூபாய். அதில் 10 விழுக்காடு 10,800. ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டுவட்டி போட்டு 24 ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 68,500 ரூபாய். இதைக் கட்டினால் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். 23 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அரசின் பணம்தானே என்று நிதித் துறை கேட்டால், கேள்வி நியாயமானதே. வாழ்நாள் முழுவதும் அகவிலைப்படியோடு சேர்த்துக் கொடுக்கப்போகும் தொகையை இந்த 68,500 ஈடுகட்டாது. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் மீதித் தொகை தானமல்ல. அந்த 12 ஆண்டும் நிரந்தர ஊழியருக்குக் கொடுத்திருக்க வேண்டிய காலமுறை ஊதியத்தைக் கொடுக்காமல், விடுப்பும் ஊதிய உயர்வும் கொடுக்காமல் அரசு மிச்சப்படுத்தியிருக்கிறது. வேலை கொடுத்தவர் என்ற முறையில் அது அன்றே செலுத்தியிருக்க வேண்டிய பங்கு ஒன்று நிலுவையில் நிற்கிறது. ஊழியர் தன் பங்கை வட்டியோடு கட்டத் தயாராக இருக்கும்போது, அரசும் தன் பங்கைக் கட்டுவதுதான் முறை. தவிர, இன்று பாதிக் கணக்கு தகுதியுள்ளவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. தகுதியில்லாதவர் வழக்குப் போடுகிறார். இலவசமும் வழக்கும் போய் வரவு என்று ஒன்று வருவது கருவூலத்துக்கு நஷ்டம் மட்டும்தானா?

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் அழுத்தமானது. கொல்லைப்புற வழியாக வந்தவர்களுக்கு இது பரிசாகிவிடும் என்பார்கள். 2006 ஏப்ரல் 10-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர்களை நிரந்தரமாக்கும் உரிமை கிடையாது என்று சொன்னது உண்மை. ஆனால் இங்கே பேச்சு யாரையும் நிரந்தரமாக்குவது பற்றி அல்ல. அரசே ஆணையிட்டு ஏற்கெனவே நிரந்தரமாக்கியவர்களின் முந்தைய உழைப்பைப் பற்றியது. மேலும், 2024 டிசம்பர் 20-இல் ஜக்கோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், ஆண்டுக்கணக்கில் அத்தியாவசிய வேலை வாங்கிவிட்டு உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கும் போக்கைக் கண்டித்தது. 2019-இல் பிரேம் சிங் வழக்கில், உத்தரப் பிரதேசத்தில் திட்டப்பணிகளின் செலவுக் கணக்கில் ஊதியம் பெற்ற (work-charged) தொழிலாளர்களின் பணிக்காலத்தை ஓய்வூதியத்துக்கு எண்ண வேண்டும் என்று அது சொன்னபோது, அந்த மாநில அரசு 2021-இல் சட்டமே இயற்றி அதற்கு அணை போட்டது. தீர்ப்பை நம்பி முதுமையைத் திட்டமிட முடியாது என்பதற்கு இது போதும். நிலையான விலைப்பட்டியல் ஒன்று விதியிலேயே இருந்தால் இந்த இழுபறிக்கு இடமில்லை.

கூலிக்காரரிடம் பணம் ஏது, இது வசதி படைத்தவருக்குத்தானே பயன்படும் என்று கேட்பவர்கள் தொழிலாளர் பக்கத்திலேயே இருப்பார்கள். இந்த எதிர்ப்பை நான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். விலையை இன்றைய ஊதியத்தில் போட்டால் அவர்கள் சொல்வது அப்படியே நடக்கும். அன்று வாங்கிய கூலியை அடிப்படையாக வைத்தால்தான் ஏழைக்குக் கட்டுப்படியாகும். தவணையும் வேண்டும். பழைய மத்திய விதியில், மீண்டும் பணியில் சேர்ந்தவர் தன் பணிக்கொடையைத் திருப்பிக் கட்ட 36 மாதத் தவணை வரை இடம் இருந்தது. அதைப் போலவே இங்கும் செய்யலாம். தீராத பாக்கியைப் பணிக்கொடையில் பிடித்துக்கொள்ளலாம். வேறொரு எச்சரிக்கையும் தேவை. கலிபோர்னியா மாநிலத்தில் வேலையே செய்யாத ஐந்து ஆண்டுவரை விலைக்கு வாங்கலாம் என்று ஒரு காலத்தில் அனுமதித்தார்கள். ஓய்வூதிய நிதிக்கு அது சுமை என்று 2013 முதல் நிறுத்தினார்கள். 2019-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உழைக்காத ஆண்டை விற்பது வேறு, உழைத்த ஆண்டை மீட்பது வேறு. கோடு அங்கே அழுத்தமாக விழ வேண்டும்.

உழைத்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? எல்லாச் சிக்கலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். நிரந்தர ஊழியருக்குப் பணிப்பதிவேடு இருக்கிறது. முதல் பக்கத்தில் பிறந்த தேதி, அங்க அடையாளம், கைவிரல் ரேகை. உள்ளே ஒவ்வொரு ஆண்டும் பணி சரிபார்க்கப்பட்டதற்கான கையெழுத்து. தினக்கூலிக்கு இருப்பதெல்லாம் மஸ்டர் ரோல். பழுப்பேறிய நீளத் தாளில் பெயர், மாதத்தின் தேதிகளுக்கு நேரே வருகைக் குறி, கூட்டுத் தொகை, ஓரத்தில் கூலி வாங்கியதற்குப் பெருவிரல் ரேகை. பணிப்பதிவேடு ஊழியர் ஓய்வு பெறும்வரை பாதுகாக்கப்படுகிறது. மஸ்டர் ரோலுக்கு அந்த ஆயுள் இல்லை. தணிக்கை முடிந்து குறித்த காலம் கழிந்தால் அழிக்கப்படும் காகிதம் அது. இந்தப் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997-இல் அது பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டமானது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஒருவர் இடம் மாறாமல் ஒரே ஊரில் வேலை செய்திருந்தாலும், அவருடைய தாள்களைத் தேட மூன்று மாவட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே சான்று என்பதை மஸ்டர் ரோலோடு நிறுத்தக் கூடாது. கூலிப் பட்டியல், கருவூலச் செலவுச்சீட்டு, அன்றைய அதிகாரியின் சான்று, நிரந்தரமாக்கிய ஆணையிலேயே குறிப்பிட்டிருக்கும் சேர்ந்த தேதி ஆகிய எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். பல பேருடைய பணிவரன்முறை ஆணையில் “இன்ன தேதி முதல் தினக்கூலியாகப் பணிபுரிந்து வரும்” என்று அரசே எழுதியிருக்கிறது. அதைவிடப் பெரிய சான்றை ஊழியரிடம் கேட்பது முறையா?

பழைய ஓய்வூதியமே போய்விட்ட பிறகு இதைப் பேசி என்ன பயன் என்று நினைப்பவர்கள் புதிய திட்டங்களைப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு பணி இருந்தால் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி உறுதி. அதற்குக் குறைந்தால் விகிதப்படி. 10 ஆண்டு இருந்தால் குறைந்தபட்சம் 10,000 ரூபாய். பங்களிப்புத் திட்டத்தில் பணம்தான் கணக்கு, ஆண்டு கணக்கே இல்லை என்றிருந்த நிலை மாறி, ஆண்டுகள் மறுபடியும் பேசத் தொடங்கிவிட்டன. தமிழக அரசும் ஓய்வூதிய முறைகளை ஆராய 2025 பிப்ரவரியில் குழு அமைத்தது. 45 வயதில் நிரந்தரமாகி 60-இல் ஓய்வு பெறும் துப்புரவுப் பணியாளருக்கு, 25 ஆண்டு என்ற இலக்கு எட்டாத உயரம். அவருடைய முந்தைய பத்து ஆண்டுகளை மீட்க வழியிருந்தால்தான் அது கைக்கு எட்டும்.

இன்று பணியில் இருந்து, முன்னால் தினக்கூலிக் காலம் உள்ளவர்கள் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிரந்தரமாவதற்கு முந்தைய காலம் அதில் பதிவாகியிருக்கிறதா, இடைவெளி இல்லை என்று எழுதியிருக்கிறதா, முழுநேரப் பணி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அன்று கையெழுத்துப் போட்ட அதிகாரி உயிரோடும் தொடர்பிலும் இருக்கும்போதே எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும் நாளில், அந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பதைத்தான் அங்கே எண்ணுவார்கள்.